டமால்

என் பெயர் பியூலா. அது சம்பளப் பட்டியலில் மட்டும்.
மாதவரம் கிடங்கில் எல்லோருக்கும் நான் டமால்.
"டமாலு, டீ வந்திருச்சு."

கீழே போடுவதுதான் என் வேலை.
காசிமேட்டு நெத்திலித் தொக்கு,
பெட்டிக்குப் பன்னிரண்டு கண்ணாடி பாட்டில்.
ஒரு மூலை, மூன்று விளிம்பு, ஆறு முகம்,
ஆக பத்துத் தடவை.
சுவரில் சிவப்புப் பெயிண்டில் இடுப்பளவுக்கு ஒரு கோடு.
அந்த உயரத்தில் பிடித்து
தள்ளாமல், எறியாமல்
விட வேண்டும்.
முதல் வாரம் விரல்கள் கேட்கவே இல்லை,
பெட்டியோடு பாதி தூரம் கூடவே போயின.

எல்லாம் முடிந்ததும் குலுக்கிக் காதில் வைப்பேன்.
பேசாத பெட்டி கப்பலேறும்.
பேசுகிற பெட்டியைப் பிரிக்க வேண்டும்.

எண்ணூர் சாலையில் ராத்திரியெல்லாம்
வரிசையில் நிற்கிற கண்டெய்னர்
ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறும்போது
உள்ளே என்ன ஆகும் என்பதை
பகலிலேயே நடத்திக் காட்டுகிறேன்.
அப்புறம் கிரேன், அப்புறம் கடல்,
அப்புறம் ஷார்ஜாவில் யாரோ ஒருவருடைய அவசரம்.

உடைத்து உடைத்துத் தெரிந்துகொண்டேன்:
பாட்டிலைத் தரை உடைப்பதில்லை.
பக்கத்துப் பாட்டில்தான் உடைக்கிறது.
தரை அடித்தால் அட்டை வாங்கிக்கொள்ளும்.
கண்ணாடியும் கண்ணாடியும் தொட்டுக்கொண்டால்
நடுவில் வாங்கிக்கொள்ள ஆளில்லை.

கொருக்குப்பேட்டையில் எங்கள் வீடு
பத்துக்குப் பத்து, ஆறு பேர்.
கூட்ஸ் வண்டி போனால்
ஸ்டாண்டில் டம்ளரெல்லாம் முனகும்.
தம்பிக்குக் கல்யாணமான மறுநாள்
அம்மா குறுக்கே கயிறு கட்டி
நைலக்ஸ் புடவை ஒன்றைத் தொங்கவிட்டார்.
அதற்குப் பிறகும் சண்டை உண்டு.
ஆனால் யாரும் வீட்டை விட்டுப் போகவில்லை.

புதன்கிழமை தணிகாசலம் சார்
புதுத் தடுப்பு கொண்டுவந்தார்.
மூன்றடுக்கு அட்டை போய் ஒற்றை அட்டை.
"பெட்டிக்கு ஏழு ரூபா மிச்சம்மா."
நூர்ஜகான் அதை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தாள்.
ஒன்றும் சொல்லாமல்
பழைய பேப்பரைக் கசக்கி ஓரத்தில் திணிக்கப் போனாள்.
"வேணாம். பேப்பரும் காசுதான்."

மூலை. சத்தமில்லை.
முதல் விளிம்பு. இல்லை.
இரண்டாவதில்
கொலுசில் ஒரே ஒரு முத்து அசைந்த மாதிரி
ரொம்பச் சின்னதாக ஒன்று.
லோடு ஏற்றிக்கொண்டிருந்த பிகாஷ் திரும்பிப் பார்த்தான்.
கஞ்சத்திலிருந்து வந்து மூன்று மாதம், தமிழ் தெரியாது.
அந்தச் சத்தம் தெரியும்.

"அது மூடி சத்தம்" என்றார் சார்.
சரி என்று மிச்சம் ஏழையும் போட்டேன்.
பெட்டியின் அடியில் ஒரு ரூபாய் அளவுக்கு எண்ணெய்.
பிறகு ஐந்து ரூபாய் அளவுக்கு.
மிச்சமான ஏழு ரூபாய்
எவ்வளவு அகலம் இருக்கும் என்று யோசித்துக்கொண்டு நின்றேன்.

"வேற பெட்டி எடு. கொஞ்சம் மெதுவா போடு டமாலு."

மெதுவாகப் போடுவதற்கு எனக்குச் சம்பளம் கிடையாது சார்.
மனசுக்குள்தான் சொன்னேன்,
ஆனால் நூர்ஜகான் சிரித்ததைப் பார்த்தால்
வாயும் அசைந்திருக்க வேண்டும்.
படிவத்தில் 'தேறவில்லை' என்று எழுதி
கீழே பெயரை எழுதினேன்,
தே. பியூலா,
எழுத்து எழுத்தாக.
சார் அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.
என்ன செய்வார் என்று தெரியாது.

அதற்குள் நெத்திலி வாசனைக்குக் கிடங்குப் பூனை வந்துவிட்டது.
அதை விரட்டுவதுதான் பெரும்பாடு.
கண்ணாடித் தூள் துடைப்பத்துக்கு வராது.
மதியம் சாப்பிடாமல் வைத்திருந்த பன்னைத்
தண்ணீரில் நனைத்து
நூர்ஜகான் தரையில் ஒற்றி ஒற்றி எடுத்தாள்.
லாரிக்கடியில் உட்கார்ந்து
பூனை எங்கள் இரண்டு பேரையும்
கடைசிவரை திட்டிக்கொண்டிருந்தது.